நூற்றுப் பதினெட்டாவது அம்பாரம்

எங்கள் தெற்கு அளத்தில் அந்த வருஷம் நூற்றுப் பதினேழு உப்பு அம்பாரங்கள் நின்றன. ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு நூற்றுப் பதினெட்டு தெரியும், ஏனென்றால் வரிசையின் தென்கோடியில் நிற்பது உப்பு அல்ல, அதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன் வானத்தில் வழி தவறி, அம்பார மேட்டை ஒட்டிய எங்கள் இருபத்தேழாம் பாத்தியில் வந்து இறங்கிய கலம்.

அது இறங்கியது ஒரு புரட்டாசி முற்பகலில். இடி இல்லை, தீ இல்லை, நனைந்த சேலையைக் கல்லில் அடித்தால் எழுகிற சத்தம் ஒன்று கேட்டது, பாத்தித் தண்ணீர் நான்கு வரப்புகளைத் தாண்டித் தெறித்தது, அவ்வளவுதான். முட்டை வடிவில் கறுப்பாக இருந்தது. சேர்ந்த தண்ணீர் காயக் காய அதன்மேல் உப்புப் பூத்து, எட்டாம் நாள் இடுப்பு வரை வெளுத்து, பன்னிரண்டாம் நாள் உச்சி வரை வெளுத்து, மற்ற அம்பாரங்களின் நிறத்துக்கும் உருவத்துக்கும் வந்துவிட்டது, உயரத்தில் மட்டும் இரண்டு சாண் கூடுதல். மழைக்கு முன் அம்பாரங்களுக்குப் பனை ஓலை வேய வந்தவர்கள் வடக்கிலிருந்து வேய்ந்துகொண்டே வந்து, அதற்கும் வேய்ந்து, கயிறும் கட்டி முடித்த பிறகுதான் கங்காணி பேச்சிராசன் வந்து பார்த்தார்.

"ஏய், இது நம்ம உப்பு இல்லல்லா?"

"ஓலை போட்டாச்சே, பிரிக்கவா?"

"போட்டத எவன் பிரிப்பான்? கிடக்கட்டும்."

ஓலை போட்ட அம்பாரத்தை மழைக்காலம் முடியுமுன் பிரிப்பது எங்களிடம் வழக்கம் இல்லை. அப்படித்தான் அது எங்களுடையதாயிற்று.

மழை முடிந்து தை மாதம் ஓலையைப் பிரிக்கப் போனபோது, அதன் இறவாரத்தைச் சுற்றித் தரையில் பள்ளம் பள்ளமாக இருந்தது, பள்ளங்களில் தண்ணீர் நின்றது, தொட்டு நாக்கில் வைத்த மதலேன், அவள் எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் மைனி, அதாவது அண்ணி, வைத்த விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். அது நல்ல தண்ணீர். மேலே பூத்த உப்பு மழைக்காலத்து ஈரத்தில் கரைந்து போயிருந்தது, அந்தக் கலத்தின் உடம்பு எந்த வெயிலிலும் குளிர்ந்தே இருந்ததால், இரவெல்லாம் கடல்காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, ஓலையில் வழிந்து, விடியும்போது பதினான்கு குடம் நிறைந்தது. ஒருநாள்கூடப் பதின்மூன்று ஆனதில்லை. சுற்றிலும் எங்கே தோண்டினாலும் கரிக்கிற மண், இரண்டு நாளுக்கு ஒருமுறை வருகிற தண்ணீர் லாரி, அது வராத நாளில் ஆறு மைல் நடை என்று இருந்த எங்கள் நாற்பத்திரண்டு வீட்டுக்கும், வீட்டுக்கு ஒரு குடம், மூன்று நாளுக்கு ஒருமுறை என்று முறை வைத்தோம். கணக்கு மீதியில்லாமல் சரியாக வந்தது. அன்றிலிருந்து ஒன்பது வருஷத்தில் எங்களிடம் பிறந்த இருபத்தாறு பிள்ளைகளும் முதல் குளியல் குளித்தது அந்தத் தண்ணீரில், உப்பில் வெடித்த கால்களைக் கழுவியது அந்தத் தண்ணீரில், சாகக் கிடந்த ஏழு பேருக்குக் கடைசியாக வாயில் விட்டதும் அந்தத் தண்ணீர்தான். அதனால் ஓலை வேய்கிற நாளில் அதற்கு மட்டும் வேய்கிறவர்கள் யாரும் சொல்லாமலே இரண்டு வரிசை கூடுதலாக வைத்துக் கட்டினார்கள், அது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

உள்ளே யாரோ இருந்தார்கள். அதிலும் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. உச்சிவேளையில், நாங்கள் தூக்குவாளியைத் திறக்கிற நேரத்தில், உள்ளிருந்து மூன்று தட்டு கேட்கும். முதல் தடவை கேட்டபோது பதினொரு பேர் ஓடினார்கள், மறுநாள் நான்கு பேர் ஓடினார்கள், மூன்றாம் நாள் யாரும் ஓடவில்லை.

"சாப்பிட்டாச்சான்னு கேக்குது," என்றாள் மதலேன். "கேட்டா பதில் சொல்லணும், மரியாதை இல்லையா?"

அவள் என்னைப் பார்த்துச் சொன்னதால், நான் உப்பு வாருகிற வாருபலகையின் காம்பை எடுத்து மூன்று தட்டினேன். அந்த வேலை பிறகு என்னுடையதாகவே ஆகிவிட்டது. எனக்கு நான்கு பேருக்கு மேல் கூடியிருந்தால் பேச வராது, ஆகவே பேசாமல் பதில் சொல்கிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. என் மற்ற வேலை எண்ணுவது. மேட்டுக்குப் போகிற கூடைகளை, வெட்டுகிற பாத்திகளை, நிற்கிற அம்பாரங்களை எண்ணிச் சொல்வது. முப்பத்தொரு வருஷத்தில் ஒன்று கூட்டியோ ஒன்று குறைத்தோ சொன்னதில்லை. அம்பாரம் எண்ணும் நாளில் மட்டும் கடைசிவரை எண்ணிவிட்டு ஒன்றைக் கழித்துக்கொள்வேன்.

ஒன்பதாம் வருஷம், ஓலை வேய்ந்து முடித்து நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கிழக்கிலிருந்து ஒரு பெரிய கப்பல் வானத்தில் வந்து நின்றது. நாற்பது நிமிஷம் கழித்து வடக்கிலிருந்து இன்னொன்று வந்து அதற்கு எதிரே நின்றது. முதலாவதன் நிழல் முப்பத்தொரு பாத்தியை மூடியது, இரண்டாவதன் நிழல் இருபத்தொன்பதை மூடியது, இரண்டின் மூக்குக்கும் நடுவே மூன்று பனை உயரத்துக்கு இடைவெளி இருந்தது. இரண்டும் நகரவில்லை. சண்டைச் சேவல்கள் இரண்டு ஒன்றையொன்று பார்த்தபடி நிற்குமே, எது முதலில் தலையைத் திருப்புகிறதோ அதற்குக் கொத்து விழும் என்று, அப்படி நின்றன.

எங்கள் அளத்தில் அதுவரை நிழல் என்று சொல்ல நான்குதான் இருந்தன: சாமான் கொட்டகை ஒன்று, உடைமரம் ஒன்று, லாரி வந்தால் லாரியின் நிழல், நான்காவது அவரவர் நிழல். வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன எங்களுக்கு அறுபது பாத்தி நிழல் ஒரே காலையில் கிடைத்தது. எல்லோரும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனோம். தொட்டில்கள் வந்தன, சீட்டுக்கட்டு வந்தது, டீக்கடை அடுப்போடு இடம் மாறி வந்தது.

"நாப்பது வருஷமா ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தாங்கன்னு கேட்டேன்," என்று மதலேன் அண்ணாந்து கும்பிட்டாள். "மேல இருந்து வந்து போட்டிருக்கான், புண்ணியவான். ரெண்டா போட்டிருக்கான்."

அன்று உச்சிவேளையில் தட்டு கேட்கவில்லை. நான் காம்பை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வருஷத்தில் தட்டு கேட்காத முதல் நாள் அது.

கப்பல்களுக்கு நம் பேச்சு தெரிந்திருந்தது. முதலாவது நம் பேச்சை ஏதோ பேருந்து நிலையத்தின் மேலே நின்று கற்றிருக்க வேண்டும், இரண்டாவது கல்யாண மண்டபத்தின் மேலே நின்று. அதனதன் வயிற்றுக்கு நேர் கீழே போய் நின்று பேசினால் அதற்கு மட்டும் கேட்கும், இரண்டு மூக்குக்கும் நடுவே நின்றால் இரண்டுக்கும் கேட்கும், வேறெங்கே பேசினாலும் கேட்காது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றது முதலாவது. "காணாமல் போன கலம் ஒன்று இப்பகுதியில் உள்ளது. அது எங்கள் நோயாளிகளுக்கு மருந்து ஏற்றி வந்த கலம். தகவல் அறிந்தவர்கள் உடனடியாகத் தெரிவிக்கவும்."

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே," என்றது இரண்டாவது. "அந்தக் கலத்திலே இருப்பது எங்கள் வீட்டுப் பெண். கோபித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். அழைத்துப் போகச் சொந்தபந்தங்கள் வந்திருக்கிறோம்."

உப்பு எங்கள் கண்ணைக் கூச வைத்ததுபோல அவர்கள் கண்ணையும் கூச வைத்தது. மேலிருந்து பார்த்தால் ஓலை போட்ட நூற்றுப் பதினெட்டுத் திட்டு, எதுவும் எதையும் போலத்தான் இருந்தது. குனிந்து தேடலாம் என்றால், குனிகிறவர் முதுகைக் காட்ட வேண்டும். ஆகவே ஒன்றையொன்று ஏமாற்றிப் பார்த்தன. ஐந்தாம் நாள் முதலாவது தன் பதினொரு விளக்கையும் ஒவ்வொன்றாக அணைத்து ஒரு பக்கம் சாய்ந்து செத்ததுபோல் கிடந்தது, இரண்டாவது நம்பவில்லை. எட்டாம் நாள் இரண்டாவது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு புறப்பட்டுப் போய் மேகத்துக்குப் பின்னால் ஒளிந்தது, ஆனால் அதன் நிழலை எடுத்துப்போக மறந்துவிட்டது, இருபத்தொன்பது பாத்தியிலும் நிழல் அப்படியே கிடந்தது, மாலையில் கப்பலே திரும்பி வந்து நின்றது. டீக்கடைக்காரர் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டார்.

ஆனால் நிழல் விழுந்த பாத்திகளில் கடைசி உப்பு உறையவில்லை. வடகிழக்கில் மேகம் கூடத் தொடங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் பேச்சிராசன் எங்களைக் கூட்டினார். கெட்டவர் இல்லை, அம்பாரங்களுக்குப் பொறுப்பானவர்.

"கொடுத்து விட்டுருவோம். நமக்கு எதுக்கு வம்பு? அவன் பொருள அவன் கொண்டு போறான்."

"எவன் பொருள? ரெண்டு பேருல்லா கேக்கான்," என்றாள் மதலேன்.

"மருந்துன்னு சொல்லுதவனுக்குக் கொடுப்போம்."

"ஏன், பொண்ணுன்னு சொல்லுதவன் பாவம் இல்லையா?"

"அப்ப நீயே சொல்லு மைனி."

"நம்ம ஆணியில தொங்குத பொருளுக்கு என்ன முறை? அதே முறைதான்."

சாமான் கொட்டகையில் ஓர் ஆணி உண்டு. வரப்பில் கிடந்து எடுத்த துண்டு, வளையல், தூக்குவாளி மூடி எதுவானாலும் அதில் மாட்டிவிடுவோம். கேட்டு வருகிறவர் அடையாளம் சொல்லித்தான் வாங்கிப் போக வேண்டும். மதலேன் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் கப்பலின் கீழே போனாள்.

"உங்க கலத்துக்கு மூக்குல செவப்புக் கோடு போட்டிருக்குமே, அதுதானே?"

"ஆம். சிவப்புக் கோடு. அந்தக் கலமே."

அங்கிருந்து முந்நூற்று நாற்பது அடி நடந்து இரண்டாவதன் கீழே நின்றாள்.

"உங்க வீட்டுப் பொண்ணு வண்டிக்கு எடது பக்கம் மூணு சன்னல், ஒண்ணு ஒடஞ்சிருக்கும், சரியா?"

"அதேதான் தாயே! அந்தச் சன்னலை உடைத்தது அவளுடைய தம்பி. சின்ன வயதிலேயே குறும்பு!"

ஒன்பது வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் அந்தக் கலத்தைக் கழுவியவர்கள் நாங்கள். கோடும் இல்லை, சன்னலும் இல்லை.

"ரெண்டும் களவாணிப் பயலுவ," என்றாள் மதலேன் திரும்பி வந்து. "உள்ள இருக்குத பிள்ள ஒம்பது நாளா மூச்சு விடாம இருக்கு. சொந்தக்காரன் சத்தம் கேட்டா அப்படியா இருக்கும்? இது ஒளிஞ்சிருக்கு."

பேச்சிராசன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அதன்பிறகு கொடுக்கிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

கப்பல்கள் என்னிடம் வந்தது இதற்குப் பிறகுதான். ஆட்கள் பொய் சொல்லக்கூடும் என்று, எங்களில் யாருடைய சொல் நம்பத்தக்கது என்று இரண்டும் தனித்தனியாக விசாரித்திருக்கின்றன, நாற்பத்திரண்டு வீட்டிலும் என் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். "இஞ்ஞாசி அண்ணாச்சி எண்ணுனா எண்ணுனதுதான்." பத்தாம் நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் இரண்டின் கீழும் நான் போய் நின்றேன். நிற்காவிட்டால் ஓலையைத் தொடுவோம் என்றார்கள்.

"கிழக்கு ஓடையில் பூநாரை எத்தனை?" என்றது முதலாவது.

"அறுபத்து மூணு."

"தண்ணீரில் ஊன்றிய கால் எத்தனை?"

"ஐம்பத்தாறு பறவை ஒத்தக் காலை மடக்கியிருக்கு. மிச்சம் எழுபது கால்."

மேலே அவர்களும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், அடுத்த கேள்வி வர நெடுநேரம் ஆயிற்று. இரண்டாவது கப்பல் வரப்புகளைக் கேட்டது, நண்டுவளைகளைக் கேட்டது, மதலேன் ஒரு மணி நேரத்தில் எத்தனை வார்த்தை பேசுவாள் என்று கேட்டது. அதை எண்ணியபோது அவள் என்னைத் திட்டிய வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டேன். ஏழு நாளில் தொண்ணூற்றெட்டுக் கேள்வி கேட்டார்கள், தொண்ணூற்றெட்டுக்கும் பதில் சரி. ஒருவரையொருவர் எதிலும் நம்பாத அந்த இரண்டு கப்பலுக்கும் வானத்திலும் பூமியிலும் ஒத்துப்போன ஒரே விஷயமாக என் எண்ணிக்கை ஆயிற்று.

பதினாறாம் நாள் மாலை இரண்டும் முதல்முறையாக ஒரே நேரத்தில் பேசின. நாளைக் காலை பத்து மணிக்கு அந்த மனிதர் எங்கள் இருவருக்கும் நடுவே நின்று, ஊர் பார்க்க, இந்த அளத்தில் உப்பு அம்பாரம் எத்தனை என்று சொல்லட்டும். மேலிருந்து நூற்றுப் பதினெட்டுத் திட்டு தெரிகிறது. அவர் சொல்வதும் அதுவானால் இங்கே கலம் இல்லை, இருவரும் போகிறோம். ஒன்று குறைந்தால், பாதி அவர்கள், பாதி நாங்கள், எல்லா ஓலையையும் ஒரே மூச்சில் ஊதிப் பிரித்துப் பார்ப்போம்.

மேகம் அப்போது வடகிழக்கில் பாதி வானம் ஏறிவிட்டது. ஓலை இல்லாமல் ஒரு மழை பெய்தால் ஒரு வருஷத்து உப்பு பாத்திக்கே கரைந்து போகும். உள்ளே இருப்பதை அவர்கள் கொண்டுபோவார்கள். பதினான்கு குடமும் அதோடு போகும்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்கப்படக்கூடாத ஆள் என்று அவர்கள் நினைத்தார்கள். தவறாக ஒரு எண்ணைச் சொல் என்று என்னிடம் சொல்வதும் கையை வெட்டிக் கொடு என்பதும் ஒன்று என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். காலையில் வடகோடியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். நூற்றுப் பதினேழு. பக்கத்தில் ஒன்று. அதன் இறவாரத்தில் நின்ற மதலேன் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். அன்று அது அவள் வீட்டு முறைத் தண்ணீர்.

"குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி. தொண்டை காயும்."

எண்ணிக்கையில் அவள் வார்த்தை அவ்வளவு குறைந்து நான் பார்த்ததில்லை. குடித்தேன். ஒன்பது வருஷமாகக் குடித்த தண்ணீர்தான், அன்றைக்குத்தான் ஒவ்வொரு மிடறையும் எண்ணினேன், ஆறு.

நூற்றெழுபத்து மூன்று பேர் வரப்பில் நின்றார்கள். இரண்டு மூக்குக்கும் நடுவில், பதினேழு நாளாக வெயில் விழுந்துகொண்டிருந்த அந்த ஒற்றைக் கீற்றில் நான் போய் நின்றேன். இத்தனை பேருக்கு நடுவே நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"உப்பு அம்பாரம் எத்தனை?" என்றன இரண்டும்.

முப்பத்தொரு வருஷமாகச் சரியாகச் சொன்ன எண்கள் எல்லாம், கூடைகளும் பாத்திகளும் பூநாரைகளின் கால்களும், எனக்குப் பின்னால் வந்து வரிசையாக நின்றதுபோல் இருந்தது. இவ்வளவும் எதற்காகச் சேர்த்தேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"நூற்றுப் பதினெட்டு," என்றேன்.

"மறுபடி எண்ண வேண்டுமா?"

"நான் ஒரு தடவைதான் எண்ணுவேன்."

பிறகு முதலாவது, "பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்," என்றது. இரண்டாவது, "வந்திருந்து சிறப்பித்த அனைவருக்கும் நன்றி, இருந்து சாப்பிட்டுவிட்டுச் செல்லவும்," என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டாமல், மூக்கைப் பார்த்தபடியே பின்னோக்கி நகர்ந்து, ஒன்று கிழக்கிலும் ஒன்று வடக்கிலும் புள்ளியாகிப் போயின. இந்த முறை இரண்டாவது தன் நிழலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டது. அறுபது பாத்தியிலும் வெயில் வந்து விழுந்தது, எல்லோரும் கண்ணைச் சுருக்கினோம்.

யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள், போகிறபோது ஒவ்வொருவரும் என் தோளைத் தொட்டார்கள். பேச்சிராசன் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், "அண்ணாச்சி," என்று மட்டும் சொன்னார். எனக்கு உடம்பு எடையில்லாமல் இருந்தது. இனி நான் சொல்கிற எண்ணுக்கு என்ன மதிப்பு என்று யோசித்துக்கொண்டே தென்கோடிக்குப் போய், காம்பை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கலத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். ஓலைக்குள் குளிர்ச்சியாக இருந்தது.

உச்சிவேளை ஆயிற்று. தூக்குவாளிகள் திறந்தன. முதுகுக்குப் பின்னால் தட்டு கேட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று. அதோடு நிற்கும் என்று நான் காம்பை எடுத்தேன். நான்காவது விழுந்தது. ஐந்தாவது விழுந்தது. பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று, மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள், ஐம்பதில் பேச்சிராசன் எழுந்து வந்தார், எண்பதில் முதல் மழைத்துளி ஓலையில் விழுந்தது, அதைக் கலந்துவிடாமல் நான் தனியாக வைத்துக்கொண்டு தட்டை மட்டும் எண்ணினேன்.

"என்ன அண்ணாச்சி, இன்னிக்கு இவ்வளவு பேசுது?" என்றாள் மதலேன்.

நான் கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். நூற்றுப் பதினைந்து. நூற்றுப் பதினாறு. நூற்றுப் பதினேழு. அங்கே கொஞ்சம் நின்றது, ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு மெதுவாக இன்னொன்று.

நான் காம்பால் மூன்று தட்டிப் பதில் சொன்னேன். சாப்பிட்டாச்சு.

மழை வலுத்தது. ஒரு ஓலைகூட ஒழுகவில்லை. அதற்குப் பிறகு இந்த ஆறு வருஷமாக, அம்பாரம் எண்ணுகிற நாளில் வடகோடியில் தொடங்கித் தென்கோடிவரை எண்ணி, வருகிற எண்ணை அப்படியே சொல்கிறேன். ஒன்றைக் கழிப்பதில்லை.